விலைக்கழிவு

சனிக்கிழமைகளில் புத்தளத்திலிருந்து திரும்பும்போது நாங்கள் எங்கள் சந்தியில் இறங்குவதில்லை. ஒரு தரிப்பிடம் தள்ளி இறங்கி, தென்னந்தோட்டத்துக்குள்ளால் போகும் மணல் ஒழுங்கையில் நடந்து, பின்வாசலால் வீட்டுக்குள் போவோம். என் கையில் இரண்டு பைகள், மனைவியின் கையில் ஒன்று. சந்தியில் இறங்கினால் நானாவின் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் கடை வாசலில் வாங்கில் உட்கார்ந்திருப்பார். சலாம் சொல்வார். பைகளைக் கண்டும் காணாதவர் போல் இருப்பார். அந்தக் காணாமைதான் எங்களுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பைகளில் இருந்தவை காசு கொடுத்து வாங்கிய பருப்பும் சவர்க்காரமும். ஆனாலும் ஒன்றரை வருடமாகத் திருட்டுச் சாமான் கொண்டுபோகிறவர்களைப் போலத்தான் அந்த ஒழுங்கையில் நடந்தோம்.

எல்லாம் 2022க்குப் பிறகு தொடங்கியது. அந்த வருடம் எப்படிக் கழிந்ததென்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே இருட்டில் இருந்தோம். ஏப்ரலில் பன்னிரண்டரைக் கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவானது. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் சொன்னது. அந்த எண்ணுக்கு எங்கள் வீட்டில் அர்த்தம் மிக எளிது. போன வருடம் ஒரு பை நிறைந்த காசுக்கு இந்த வருடம் அரைப் பை. என் ஆசிரியர் சம்பளம் மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை.

சாமான்கள் மீண்டும் இராக்கைகளுக்கு வந்தபோது கூடவே விலைக்கழிவுகளும் வந்தன. பாடசாலையில் உடன் கற்பிக்கும் ஒருவர்தான் எங்களுக்கு இந்தக் கலையைச் சொல்லித் தந்தார். எந்தக் கிழமையில் எந்த வங்கியின் அட்டைக்கு எந்தப் பொருளில் எத்தனை வீதம் என்பதை என் மனைவி பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கட்டம் கீறி எழுதி, குசினிக் கதவில் ஒட்டினாள். மரக்கறிக்கும் பழத்துக்கும் ஒரு நாள், மீனுக்கு ஒரு நாள், முழுப் பில்லுக்கும் ஒரு நாள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் அடிவரம்பும் ஒரு மேல்வரம்பும் உண்டு. இவ்வளவுக்குக் குறையாமல் வாங்க வேண்டும், கழிவு இவ்வளவுக்கு மேல் போகாது. அவை சின்ன எழுத்தில் இருக்கும். மனைவி சின்ன எழுத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டாள். பன்னிரண்டாம் வகுப்பில் நான் கற்பிக்கும் பாடத்தைவிட அது கடினம்.

கேஷ்பேக் என்பது வேறு. அங்கே முழு விலையையும் முதலில் கட்டிவிட வேண்டும். ஒரு பகுதி பிறகு கணக்குக்குத் திரும்பி வரும். வரும் என்று காத்திருக்கும் நாட்களில் நாம் அந்தக் காசை மனதுக்குள் செலவழித்து முடித்துவிடுவோம். வந்தபோது அது எதற்கென்றே ஞாபகம் இருக்காது.

இன்னொன்று மஞ்சள் துண்டு. காலாவதித் திகதி நெருங்கிய யோகட், பால், பாண், கேக் ஆகியவற்றில் அரை விலை எழுதி ஒட்டிய துண்டு. அஸர் தொழுதுவிட்டுப் போனால் கிடைக்கும் என்பதைச் சில வாரங்களில் கண்டுபிடித்தோம். ஒருமுறை பன்னிரண்டு யோகட் அரை விலைக்கு வாங்கினேன். மறுநாள் காலாவதி. அன்றிரவு நான்கைத்தான் சாப்பிட முடிந்தது. மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் பிள்ளைகள் மணந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஆறு யோகட்டைத் தென்னை மரத்தடியில் கொட்டிய மனைவி, "இந்த ஆறும் முழு விலை" என்றாள். அரை விலைக்கு வாங்கியதில் அரைவாசி குப்பைக்குப் போனால் சாப்பிட்டது முழு விலைக்குத்தான் வருகிறது. நம் தமிழில் விலையைக் குறைப்பதற்கும் கழிவு, குப்பைக்கும் கழிவு. அன்றைக்கு அந்த இரண்டு அர்த்தமும் ஒரே மரத்தடியில் கிடந்தன.

மரக்கறியின் கதை இன்னும் வேடிக்கையானது. எங்கள் வேலிக்கு அப்பால் பீற்றூட்டும் வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. இந்தக் குடாநாட்டு மணலில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து ஊரே பயிர் செய்கிறது. அது நுரைச்சோலைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய், அங்கிருந்து லொறியேறித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகிறது. அதில் ஒரு பகுதி கழுவித் துடைத்து ஒளிவிளக்கின் கீழ் புத்தளம் வருகிறது. அதைத்தான் நாங்கள் பஸ் ஏறிப்போய் 25 வீதம் கழிவில் வாங்கி வந்தோம். ஒரு சனிக்கிழமைப் பில்லை மனைவி வைத்திருக்கிறாள்: மரக்கறியும் பழமும் 2,840 ரூபா, கழிவு 710 ரூபா. இரண்டு பேருக்கும் போகவர பஸ் காசைக் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு கிலோ சீனியின் விலைதான் மிச்சம். அந்த ஒரு கிலோ சீனிக்காக ஒரு பின்னேரம் முழுவதும் போயிருக்கிறது.

இதைச் சொல்லும்போது சுப்பர் மார்க்கட்டைப் பழிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். அங்கே ஒவ்வொரு பொருளின் விலையும் எழுதி இருக்கிறது. பில் தருகிறார்கள். திகதியைத் திருப்பிப் பார்க்கலாம். எங்கள் நானாவின் கடையில் ஒருதடவை காலாவதியாகி இரண்டு மாதமான பிஸ்கட் வந்தது. குறித்த உச்சவிலைக்கு மேல் விற்பது குற்றம், 1977க்கு அழைத்து நுகர்வோர் அதிகாரசபையில் முறையிடலாம் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சந்திக் கடையில் எவர் அழைப்பார்? நானாவிடம் பிஸ்கட்டைக் காட்டினேன். வெட்கப்பட்டு மாற்றித் தந்தார்.

பிறகு கடனட்டை. வரவட்டைக்குப் பத்து வீதம் என்றால் கடனட்டைக்கு இருபத்தைந்து. மனைவி ஆரம்பத்திலிருந்தே வேண்டாம் என்றாள். "வட்டி வாசலுக்கு வராதவரைக்கும் சரி. வந்தா நீங்கதான் பொறுப்பு." மாதக் கடைசியில் முழுதும் கட்டிவிட்டால் வட்டியில்லை என்று நான் வாதாடினேன். ஆறு மாதம் முழுதும் கட்டினேன். ஏழாம் மாதம் சின்ன மகனுக்கு டெங்கு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். அடுத்த கூற்றில் வட்டி வந்திருந்தது. மிச்சம் வைத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி என்று நினைத்திருந்தேன். வாங்கிய நாளிலிருந்தே கணக்குப் பார்த்திருந்தார்கள். ஆறு மாதமாகச் சேர்த்த கழிவில் பாதிக்கு மேல் ஒரே மாதத்தில் போனது. காசு போனதைவிட, பிள்ளைகளின் சாப்பாட்டுக் கணக்குக்குள் அந்தச் சொல் வந்ததுதான் வலித்தது. அட்டையை வெட்டி எறிந்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நாட்காட்டித் தாளில் அந்த வரிசையை மட்டும் அடித்துவிட்டாள்.

இந்தக் கழிவுக்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் யோசித்தேன். அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் கடை வங்கிக்கு ஒரு கட்டணம் கொடுக்கிறது. முழுதும் கட்டாதவர்களிடமிருந்து வங்கிக்கு வட்டி வருகிறது. கடையின் செலவு இராக்கை விலைக்குள் இருக்கிறது. மீன்வாடியில் வேலை செய்யும் ஒருத்தி அதே கடைக்கு வந்து, கையில் பொத்திய காசுக்கு அதே பருப்பை வாங்கினால் அவள் முழு விலை கொடுக்கிறாள். எனக்குக் கிடைத்த கழிவில் அவளுடைய காசும் கொஞ்சம் இருக்கிறது. அவள் பெரும்பாலும் அங்கே வருவதுமில்லை. சந்திக் கடையில் ஒரு சிறு பைக்கற் பால்மா, கால் போத்தல் எண்ணெய் என்று அன்றன்றைக்கு வாங்குகிறாள். கிராம் கணக்கில் பார்த்தால் ஊரிலேயே அதிக விலை கொடுப்பவள் அவள்தான். மொத்தமாக வாங்கினால் மலிவு. மொத்தமாக வாங்க மொத்தமாகக் காசு வேண்டும்.

எங்கள் உம்மாமார் சிக்கனம் செய்யாதவர்களா? உம்மா ஒவ்வொரு தடவை உலையில் அரிசி போடும்போதும் ஒரு பிடியைத் திருப்பி எடுத்துப் பானையில் போடுவார். பிடியரிசி. மாதக் கடைசியில் நான்கு நாள் சோறு அதிலிருந்து வரும். தேங்காயை முழுதாகத் துருவ மாட்டார். ஒரு பாதியில் உப்புத் தடவிக் கவிழ்த்து வைப்பார். வள்ளங்கள் கரைக்கு வந்து நேரம் போன பிறகு, சூடையும் காரலும் விலை விழும்போது வாங்கி, கீறி, புத்தளத்து உப்பைப் பூசி வெயிலில் போடுவார். மஞ்சள் துண்டின் வேலையை வெயிலும் உப்பும் செய்தன. விலை விழுந்த மீன் கருவாடாகி விலை ஏறியது. யோகட்டை அப்படி ஒன்றும் செய்ய முடியவில்லை.

உம்மா அந்த வித்தைகளையெல்லாம் இங்கே வந்த பிறகுதான் முழுதாகப் பாவித்தார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் வடக்கைவிட்டு வந்தோம். பெரும்பகுதி இந்தப் புத்தளம் மாவட்டத்தில்தான் தங்கியது. கிடுகுக் கொட்டில், நிவாரண அரிசி, நிவாரண மா, நிவாரணப் பருப்பு. நிவாரணம் பிந்தும் வாரங்களும் இருந்தன. அப்போது சந்திக் கடையில் இருந்தவர் இப்போதைய நானாவின் வாப்பா. என் வாப்பா போய் நின்றார். ஊரும் தெரியாது, பேரும் தெரியாது, நாளைக்கு இங்கே இருப்போமா என்பதும் தெரியாது. அவர் ஒரு புதுக் கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் வாப்பாவின் பெயரை எழுதினார். பிணையாகக் கேட்டது ஒன்றுமில்லை. அந்தக் கொப்பியில்தான் நாங்கள் இந்த ஊருக்குப் பதிவானோம். கிராம சேவகரின் பதிவு அதற்குப் பிறகு.

சென்ற வருடம் நோன்புக்கு முன்னர் வீட்டைத் துப்புரவாக்கும்போது 2022ஆம் வருடத்துக் கொப்பி அகப்பட்டது. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு கொப்பி இருக்கும், இரண்டிலும் எழுதுவார்கள். புரட்டிக்கொண்டிருந்த மனைவி ஓரிடத்தில் நின்றாள். பெப்ரவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை ஆறு பைக்கற் பால்மா. நானூறு கிராம் 540 ரூபா. நாட்டில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலம் அது. சில இடங்களில் தேயிலையும் வாங்கினால்தான் பால்மா என்றார்கள். நானா சின்னப் பிள்ளை உள்ள வீடுகளுக்கென்று மேசைக்குக் கீழே ஒதுக்கி வைத்துத் தந்தார். வேறெதையும் வாங்கச் சொல்லவில்லை. மார்ச்சில் அந்தப் பைக்கற் 790 ரூபாவானது. நாங்கள் ஏப்ரலில் கடனைக் கட்டினோம். ஆறு பைக்கற்றுக்கும் 3,240 ரூபா. அந்தக் காசுக்கு நானாவால் நான்கு பைக்கற்தான் வாங்கியிருக்க முடியும்.

மனைவி பேனாவை எடுத்தாள். பருப்பு, சீனி, மா, எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிய விலையையும், கட்டிய மாதத்து விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். நாங்கள் கட்டிய கடன் 18,400 ரூபா. அதே சாமானை அவர் மறுபடி வாங்க வேண்டியிருந்த விலை ஏறத்தாழ 26,400. எட்டாயிரம் ரூபா. எந்த அட்டையும் எங்களுக்கு அவ்வளவு கழிவு தந்ததில்லை. எந்த விளம்பரமும் இல்லாமல், சின்ன எழுத்தும் இல்லாமல், சந்திக் கடையில் ஒரு கேஷ்பேக் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. கொடுத்தவருக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

நானாவின் கொப்பியில் எங்களைப் போல் நாற்பது வீடு இருக்கும். எட்டாயிரத்தை நாற்பதால் பெருக்கினால் மூன்று இலட்சத்து இருபதாயிரம். ஒரு சந்திக் கடையின் முதல் அதைவிட எவ்வளவு கூட இருந்துவிடப் போகிறது? 2023இல் அவருடைய இராக்கைகள் ஏன் பாதி வெறுமையாக இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாமான் இல்லை என்றுதானே நாங்கள் புத்தளம் போகத் தொடங்கினோம். நாங்கள் காசோடு புத்தளம் போனதால் இராக்கை மேலும் வெறுமையானது. மாதக் கடைசியில் கை வற்றியபோது மட்டும் கொப்பியோடு அவரிடம் போனோம். கைக்காசு சுப்பர் மார்க்கட்டுக்கு, கடன் நானாவுக்கு.

நோன்பு பிறை பத்தில், தராவீஹ் முடிந்து, கடை பூட்டும் நேரம் போனேன். கடித உறையில் எட்டாயிரம் ரூபா இருந்தது. கொப்பியையும் கொண்டுபோனேன்.

"இது என்ன தம்பி?"

சொன்னேன். கணக்கையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். சிரித்தார்.

"தங்கச்சி நல்லாக் கணக்குப் பாத்திருக்கு. நான் இவ்வளவு வடிவாப் பாக்கல்ல. ஆனா தெரியும். ஏப்ரல்ல மொத்தக் கடைக்குப் போய் நின்ட அண்டைக்கே தெரியும்."

உறையைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "கடன் எவ்வளவோ அவ்வளவுதான். அது அடஞ்சி போச்சி. கூட வாங்க எனக்கு ஆகாது."

நிபந்தனை இல்லாமல் கடன்பட்டவன் தானாகக் கூட்டிக் கொடுப்பது ஆகும், நபிகளாரும் வாங்கியதைவிடச் சிறந்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"ஆகும்தான். ஆனா இண்டைக்கி ஒங்களுட்ட வாங்கினா நாளைக்கி மத்த முப்பத்தொம்பது வீட்டுக்கும் கத போகும். சேர் கூடக் குடுத்தாராம், நாங்களும் குடுக்கணுமாம் எண்டு அவங்க நெனப்பாங்க. குடுக்க ஏலாத வீடு பிறகு கடைக்கி வராது. புள்ளைக்கிப் பால்மா இல்லாம இருந்தாலும் வராது."

நான் பேசாமல் இருந்தேன். இத்தனை வருடமாக மார்க்கம் படித்தவன், படிப்பித்தவன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. எனக்கு என் கடன் மட்டும்தான் தெரிந்தது. அவருக்கு நாற்பது வீட்டு வெட்கமும் தெரிந்திருந்தது.

"அப்ப நான் என்ன செய்யட்டும் நானா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "காசு இல்லாத நாள் இங்க வாறீங்க. அது பிழையில்ல, அதுக்குத்தான் கட. காசு இருக்கிற நாள்லயும் ஒரு நாளைக்கி வாங்க."

எழுந்து பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டார். நான் வெளியே இறங்கியபோது பின்னால் கூப்பிட்டார்.

"தம்பி, ராவையில அந்தப் பின் ஒழுங்கையால போகாதீங்க. சாமானோட போற நேரம் கீழ பாக்க ஏலாது. பாம்பு கெடக்கும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதையும் சொன்னேன். அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

அந்த மாதத்துச் சம்பளத்திலிருந்து இப்படிச் செய்கிறோம். அரிசி, சீனி, பருப்பு, மா, தேங்காய் ஆகியவற்றுக்கான காசைச் சம்பளம் எடுத்த அன்றே நானாவிடம் முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறோம். எந்தச் சாமான், எத்தனை கிலோ, என்ன விலை என்று அப்போதே பேசி எழுதிக்கொள்கிறோம். அவர் கொப்பியைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி அதில் வரவு எழுதுகிறார். மாதம் முழுதும் எடுக்க எடுக்கக் குறைத்துக்கொண்டு வருகிறார். பள்ளிக்கூடத்தில் இன்னும் நான்கு பேர் இப்போது அப்படிச் செய்கிறார்கள். ஐந்து பேரின் முன்காசோடு மொத்தக் கடைக்குப் போனால் சீனி மூட்டையாக வருகிறது. கைக்காசுக்காரனுக்கு அங்கேயும் ஒரு கழிவு உண்டு. அதில் ஒரு பங்கைக் கிலோவுக்கு இவ்வளவு என்று எங்களுக்குக் குறைக்கிறார். சுப்பர் மார்க்கட் அளவுக்கு வராது. பஸ் காசைச் சேர்த்தால் ஏறத்தாழ வந்துவிடும்.

புத்தளம் போவதை விட்டுவிடவில்லை. மாதம் ஒருமுறை போகிறோம். சவர்க்காரம், பிள்ளைகளின் பால்மா, கழிவு நல்லதாக இருந்தால் எண்ணெய். மஞ்சள் துண்டில் இரண்டு யோகட்டுக்கு மேல் வாங்குவதில்லை. குசினிக் கதவிலுள்ள நாட்காட்டித் தாளில் வங்கிகளின் பெயர்களுக்குக் கீழே மனைவி இன்னொரு வரிசை சேர்த்திருக்கிறாள்: சம்பள நாள், நானா கடை. வீதம் எழுத வேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள்.

பஸ் இப்போது சந்தியில் நிற்கும்போது இறங்குகிறோம். நானா வாங்கில் இருந்தபடி பைகளைப் பார்க்கிறார். எண்ணெய் என்ன விலைக்கு எடுத்தோம் என்று கேட்கிறார். சொல்கிறோம். அவருடைய விலையைவிடக் குறைவென்றால், "அப்ப எனக்கும் ரெண்டு போத்தல் எடுத்திருக்கலாமே" என்கிறார்.